ஒருவர் கடலுக்குள், ஒருவர் கரையில்: ஒரு கோத்தகிரித் தம்பதியின் பயணத் தேர்வு

கோத்தகிரியில் கோடநாடு போகிற வழியில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பதி இவர்கள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கட்டுரை முழுக்க அண்ணன், அக்கா என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அண்ணன் அந்தமானில் ஸ்கூபா கற்றவர், அட்வான்ஸ்டு சான்றிதழ் வரை முடித்தவர். அக்காவுக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் குமட்டும். கடல் பிடிக்காது என்று சொல்ல முடியாது, கரையில் உட்கார்ந்து பார்க்க ரொம்பவே பிடிக்கும். ஒரு மணி நேரம். அதற்கு மேல் சும்மா இருக்கச் சொன்னால் எழுந்து யாருடைய சமையலறைக்காவது போய்விடுவார்.

பயண ஏற்பாடு என் தொழில். என்னிடம் வருகிற டைவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "டைவிங் நல்லா இருக்கணும், வீட்ல அவங்களுக்கும் போரடிக்கக் கூடாது." இந்த வரிசையில் தேட ஆரம்பித்தால் நல்ல பதில் கிடைப்பது கஷ்டம். வெப்பக் கடல்களில் நல்ல டைவிங் உள்ள ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. டைவ் செய்யாத ஒருவர் தன் சொந்தக் காரணத்துக்காகப் போக விரும்புகிற ஊர்தான் அவற்றில் அரிது. அரிதானதை முதலில் தேடி, மற்றதை அதற்குள் பொருத்த வேண்டும். இந்தத் தம்பதிக்கு அப்படித்தான் செய்து பார்த்தோம்.

மாதமே பாதி இடங்களை அடித்துவிட்டது

நீலகிரியில் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டை விட்டு நகர முடியாது. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று மே மாதம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். ஜூலையும் ஆகஸ்டும்தான் அறைகள் காலி, வெளியே சாரல். ஆகவே ஆகஸ்ட் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

அண்ணனுக்குப் பழக்கமான அந்தமான் அதனாலேயே போனது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கடல் கலங்கியிருக்கும், படகும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. லட்சத்தீவுக்கும் அதே கதை, போதாததற்கு அனுமதிச் சீட்டு வேறு. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே இருக்கும். மிச்சம் இருந்தவை பாலி, மாலத்தீவு, இலங்கையின் கிழக்குக் கரை.

பாலியை நான் சீக்கிரமே விலக்கினேன். துலாம்பெனில் கரையிலிருந்தே நடந்து இறங்கிப் பார்க்கலாம் லிபர்ட்டி கப்பலை. 1942-இல் டார்பிடோவால் அடிபட்டுக் கரையேறிக் கிடந்து, 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த கப்பல் அது. அண்ணனுக்குக் கண் மின்னியது. ஆனால் துலாம்பென் கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கல். டைவர்களுக்கென்றே உள்ள ஊர். அக்கா ரசிக்கக்கூடிய உபுட் பக்கம் போக வேண்டுமென்றால் மலைச் சாலையில் சில மணி நேரம். ஒருவர் கிழக்கில், ஒருவர் நடுவில் என்று தினமும் பிரிந்து கிடப்பதற்கு அவ்வளவு தூரம் பறந்து போக வேண்டுமா?

மாலத்தீவு: நியாயமாகப் பார்த்தால் வென்றிருக்க வேண்டும்

அண்ணனின் பட்டியலில் முதலிடம் மாலத்தீவுக்குத்தான். அதில் அவர் சொன்னது தப்பே இல்லை. ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள், 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்ற ஏற்பாடு, அறை வாசலிலிருந்து சில அடி நடந்தால் ஹவுஸ் ரீஃப், அதாவது தீவை ஒட்டியே உள்ள பவளப்பாறை. டைவ் செய்யாத துணைக்கும் இது ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஹவுஸ் ரீஃப் இருந்தால் படகே வேண்டாம். காலை டைவ் முடித்துப் பத்தரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடலாம். பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் இன்னும் விசேஷம். ஏறத்தாழ ஜூனிலிருந்து நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் கூட்டமாக வந்து மேயும் அந்த இடத்தில் ஸ்கூபாவுக்கு அனுமதியே கிடையாது. டைவரும் மற்றவர்களும் ஒரே மாதிரி முகமூடியும் குழாயும் போட்டு மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். நீந்தத் தெரிந்த துணைக்கு இதைவிட நல்ல சமத்துவம் கடலில் கிடைக்காது.

அக்காவுக்கு நீந்தத் தெரியாதே.

லைஃப் ஜாக்கெட் போட்டு இறங்கலாம்தான். ஆனால் அது அரை மணி நேரம். மீதி நேரம்? ரிசார்ட் தீவு என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்து சுற்றி வந்துவிடலாம். கடை கிடையாது, தெரு கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களைத் தவிர ஊர்க்காரர் என்று யாரும் கிடையாது. சிலருக்கு அதுதான் சொர்க்கம்: புத்தகம், கடல், தூக்கம். வருடம் முழுக்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டு, அவர்களோடு பேசிப் பழகின அக்காவுக்கு மூன்றாவது நாளே மூச்சு முட்டும் என்று எனக்குப் பட்டது. அவரும் அதையே வேறு மாதிரிச் சொன்னார்: "எல்லாரும் வந்து சேவை பண்ணுவாங்க, நான் உக்காந்து பாக்கணுமா?"

செலவும் சும்மா இல்லை. அறை வாடகைக்கு மேல் ரிசார்ட்டில் தலைக்கு இரவு ஒன்றுக்கு 12 டாலர் பசுமை வரி, 17 சதவீதம் சுற்றுலா வரி, 10 சதவீதம் சேவைக் கட்டணம். இணையத்தில் தெரிகிற விலையும் பில்லில் வருகிற விலையும் இதனால்தான் ஒட்டாது. அதற்கு மேல் கடல் விமானம். அது பகலில் மட்டுமே பறக்கும், சாயங்காலம் மாலேயில் இறங்கினால் ஒரு ராத்திரி அங்கேயே போகும். மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லத்தில் தங்கினால் செலவு நன்றாகக் குறையும், தெருவும் கடையும் இருக்கும். அதைக் கடைசிவரை பட்டியலில் வைத்திருந்தோம்.

இரண்டு தாள்கள்

இந்த மாதிரி ஜோடிகளிடம் நான் ஒரு காரியம் செய்யச் சொல்வது வழக்கம். பயணத்தில் நடு நாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை என்ன செய்வீர்கள் என்று இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் வேண்டாம். எந்த ஊரானாலும் அந்த இரண்டு நாளும் எப்படியோ ஓடிவிடும். நான்காவது நாள்தான் சங்கதியைச் சொல்லும்.

அண்ணன் தாளில் எழுதியது: ஏழரைக்குப் படகு, இரண்டு டேங்க், பன்னிரண்டு மணிக்குக் கரை, சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் டைவ் குறிப்புகளை எழுதும் லாக் புத்தகம். மனைவிக்கென்று அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: ஸ்பா, நீச்சல் குளம், பீச். அந்தத் தூக்கத்தை டைவர்கள் யாரும் துணையிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. இரண்டு டைவ் முடித்து வெயிலில் படகில் வந்தவர் மதியம் கட்டிலில் விழுந்தால் நாலு மணிக்குத்தான் எழுவார். ஆக, துணைக்குத் தனியாகக் கிடைக்கிற நேரம் பாதி நாளைவிட அதிகம். ரிசார்ட் தேர்ந்தெடுக்கும்போது அந்த முழு நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அக்கா, கணவர் எழுதிய வரியை அடித்துவிட்டு எழுதியது: காலையில் கடைத்தெரு. ஒரு கோயில். பேச யாராவது. நம்ம சாப்பாடு மாதிரி ஏதாவது. கடைசியில், தனியாக, தலவாக்கலை.

அக்காவின் அம்மா பிறந்தது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. எங்கள் ஊரில் இது பெரிய செய்தியே இல்லை. ஆனால் அண்ணன் ரிசார்ட் தேடிய அத்தனை மாதத்தில் ஒருமுறைகூட இலங்கையைக் கூகுளில் போட்டுப் பார்க்கவில்லை. அக்காவும் கேட்டதில்லை. "டைவிங்குக்குப் போறாங்க, நான் எதுக்கு நடுவுல அதைச் சொல்லணும்" என்றார்.

அப்புறம் தேடல் ரொம்பச் சுருங்கிவிட்டது. வடகிழக்குப் பருவமழை அடிக்கிற இலங்கையின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதி. நீலகிரியில் நமக்கு மழை, திருகோணமலையில் டைவிங் சீசன். பேசுவது தமிழ்.

நிலாவெளியா, உப்புவெளியா

திருகோணமலையில் தங்குவதற்கு இரண்டு கரைகள். டைவர்கள் பெரும்பாலும் நிலாவெளியைத்தான் சொல்வார்கள். புறாத்தீவு அதற்கு நேர் எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். மேலோட்டமான தண்ணீரிலேயே கருநுனிச் சுறாக்கள் சுற்றும். பெரிய ரிசார்ட்டுகளும் அந்தப் பக்கம்தான். ஆனால் நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. உப்புவெளி நகரத்தை ஒட்டி இருக்கிறது. ஆட்டோவில் கொஞ்ச நேரம், வாசலில் பஸ். டைவ் சென்டர்கள் இங்கேயும் உண்டு, புறாத்தீவுக்குப் படகு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஓடும்.

இங்கேதான் அண்ணனும் நானும் முட்டிக்கொண்டோம். நிலாவெளி ரிசார்ட்டின் நீச்சல் குளத்தையும் தோட்டத்தையும் காட்டி, "இது அவளுக்கும் நல்லதுதானே" என்றார். நான் உப்புவெளிக்கே நின்றேன். டைவரை டைவ் சென்டர்காரர்களே வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், கொண்டுவந்தும் விடுவார்கள். அவருக்குப் படகில் கூடுதலாகச் சில நிமிடங்கள் போனால் ஒன்றும் குறையாது. டைவ் செய்யாதவரைக் கூட்டிக்கொண்டு போக யாரும் வர மாட்டார்கள். அவர் தானாகவே வெளியே போய் வரும்படி இடம் இருக்க வேண்டும். எந்த டைவ் ரிசார்ட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி இது: வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லாமல், யாரையும் எதிர்பார்க்காமல், வாசலைத் தாண்டி எங்கே போக முடியும்? பதில் 'பீச்' என்று மட்டும் வந்தால் நான் தயங்குவேன்.

அக்கா ஒரே ஒரு விஷயம் கேட்டார்: பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம். உப்புவெளி என்று முடிவானது.

மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள கணக்கு

இது கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. சமவெளியில் எழுதப்படுகிற டைவ் அறிவுரைகளில் இது அநேகமாக இருக்காது.

ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழ்களாகி மூட்டு வலி, மரத்துப்போதல், மோசமானால் முதுகுத்தண்டு பாதிப்பு வரை கொண்டுபோகும். டிகம்ப்ரஷன் நோய் என்பது இதுதான். விமானத்தில் பறக்கும் முன் காத்திருக்கச் சொல்வதும் இதற்குத்தான். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிற குறைந்தபட்ச அளவு: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம், மேலே வரும் வழியில் நின்று காத்திருக்கிற டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம். இந்த அளவுகள் 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்துக்கு. விமானத்தின் உள்ளே அதிகபட்சம் அவ்வளவுதான் இருக்கும்.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800-க்குக் கொஞ்சம் கீழே. அதாவது நம் வீட்டுக்கு வருவதே விமானத்தில் ஏறி உட்காருவது மாதிரி. இறங்காமல் அங்கேயே தூங்கி எழுகிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். விமானம் என்றால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், கார் என்றால் மறந்துவிடுவார்கள். புதுச்சேரியில் காலையில் டைவ் செய்துவிட்டு ராத்திரியே மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுகிற நம்ம ஊர்ப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இலங்கையில் இந்தக் கணக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. தலவாக்கலை 1,200 மீட்டர் அளவில், நுவரெலியா 1,868 மீட்டர். வழக்கமான சுற்றுலாத் திட்டம் 'முதலில் கடல், அப்புறம் மலை, அப்படியே கொழும்பு' என்று போகும். டைவருக்கு அது சரிவராது. மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு இறங்க வேண்டும். உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு வந்து டைவ் செய்வதில் பிரச்சினை இல்லை. கடைசி டைவுக்குப் பிறகு கடல்மட்டத்திலேயே செலவிட இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளைத்தான் பெரும்பாலானவர்கள் ஹோட்டல் அறையில் வீணடிக்கிறார்கள்.

நான் அதை அக்காவுக்குக் கொடுத்தேன். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா, மொத்தம் 25 நாள். இருபத்து மூன்றாம் நாள் மாலை சப்பறம், மறுநாள் தேர், அதற்கடுத்த நாள் தீர்த்தம். திருகோணமலையிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் வரை சாலை முழுக்கத் தாழ்ந்த நிலம். யாழ்ப்பாணத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். சென்னையில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம். அந்த ரயில் பயணத்தில் இன்னொரு இரவு சமவெளியிலேயே கழிந்துவிடும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலையும் யோசித்தோம். அக்காவின் குமட்டலை நினைத்து ஐந்தே நிமிடத்தில் விட்டுவிட்டோம்.

நடந்தது

கொழும்பில் இறங்கி, கண்டியிலிருந்து ரயிலில் தலவாக்கலை போனார்கள். லயம் இருந்தது. அம்மா சொன்ன வரிசையில் அந்த வீடு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளையார் கோயில் மட்டும் சொன்ன இடத்திலேயே இருந்ததாம். பக்கத்து லயத்தில் ஒரு வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்து, கோத்தகிரியில் கொழுந்துக்கு என்ன விலை என்று விசாரித்திருக்கிறார்கள். இதைப் பற்றி அக்கா என்னிடம் நிறையப் பேசினார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

திருகோணமலைக்கு வந்ததும் முதல் சிக்கல். கோத்தகிரிச் சாரலில் பிடித்த ஜலதோஷத்தை அண்ணன் கூடவே கொண்டுவந்திருந்தார். மூக்கடைப்போடு டைவ் செய்தால் காதில் அழுத்தத்தைச் சமன்படுத்த முடியாது, செவிப்பறை கிழியலாம். டைவ் சென்டரில் நியாயமாகவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று காலை டைவ்களில் ஒன்று போனது. வேறு ஊராக இருந்தால் அந்த நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அக்காவே சொன்னார். இங்கே மனைவி போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போயிருக்கிறார்: மீன் சந்தை, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், மதியம் இடியப்பமும் சொதியும். டைவ் செய்யாத துணைக்கு என்று ஏற்பாடு செய்தது டைவருக்கே உதவும் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஜலதோஷம், கலங்கிய கடல், படகு இன்ஜின் பழுது என்று ஏதாவது ஒன்று வந்து ஒரு டைவ் நாள் கெடுவது சகஜம். அந்த நாளில் அவரும் டைவ் செய்யாத துணைதான்.

அடுத்த இரண்டு காலையும் புறாத்தீவிலும் பக்கத்துப் பாறைகளிலும் டைவ் நடந்தது. இதைப் பற்றி ஒளிக்க ஒன்றும் இல்லை. மாலத்தீவோடு ஒப்பிட்டால் இங்கே பார்வைத் தெளிவு குறைவு. தீவைச் சுற்றிப் பவளம் பல இடங்களில் நொறுங்கிக் கிடக்கிறது, பகலில் கூட்டம் அதிகம். நுழைவுக் கட்டணம், படகு, வரி எல்லாம் தனித்தனியாக வாங்குகிறார்கள். அண்ணனுக்குச் சுறாக்கள் கிடைத்தன, ஆமை கிடைத்தது. முழுத் திருப்தி இல்லை. அக்கா ஒரு நாள் தீவுக்குப் போய், லைஃப் ஜாக்கெட் போட்டு, முகமூடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீன்கள் பிடித்தன, ஜாக்கெட் பிடிக்கவில்லை. "நீயும் ஒரு டைவ் முயற்சி பண்ணேன்" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அறிமுக டைவ் எல்லா இடத்திலும் விற்பார்கள், 12 மீட்டருக்குள் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார். தானாக ஆசைப்பட்டால் நல்ல அனுபவம். கணவர் பணம் கட்டிவிட்டாரே என்று இறங்குகிறவர்கள் தண்ணீருக்குள் பதறுவதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வற்புறுத்தவே கூடாது. அக்கா மாட்டேன் என்றார், பேச்சு அதோடு முடிந்தது.

பெரிய தகராறு கடைசியில் வந்தது. கோணேசர் கோயில் நிற்கிற செங்குத்துப் பாறையின் அடியில் கடலுக்குள் ஒரு டைவ் உண்டு. சம்பந்தர் பாடிய திருத்தலம் அது. 1620-களில் போர்த்துகீசியர் அந்தக் கோயிலை இடித்துக் கல்லையெல்லாம் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடலில் விழுந்த இடிபாடுகளை 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு அந்த டைவ் கட்டாயம் வேண்டும். ஜலதோஷத்தால் போன நாளுக்குப் பதிலாக ஒரு காலை கேட்டார். அது யாழ்ப்பாணம் கிளம்ப வேண்டிய நாள். அன்று மாலைதான் நல்லூரில் சப்பறம்.

கைபேசியில் எனக்குப் போட்டுக் கணக்குச் சொன்னார்: மதியம் டைவ் முடிந்தால் விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, 18 மணி நேரத்துக்கு எவ்வளவோ மேலே. கணக்கு சரிதான், என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த நாள் அவருடையது இல்லையே என்று சொன்னேன். அவர் பேசாமல் இருந்தார். பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "நீங்க இருந்து பாத்துட்டு வாங்க. நான் காலைல பஸ்ல போறேன்."

அப்படியே போனார். அதற்கு முந்தின சாயங்காலம் இருவரும் சேர்ந்தே கோணேசரைத் தரிசித்துவிட்டு வந்திருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த ஆச்சியும் நல்லூருக்குத்தான். அவரே அறைக்குப் போக ஆட்டோ பேசி விட்டிருக்கிறார். சப்பறம் பார்த்தார். அண்ணன் கோயிலுக்கு நேர் கீழே இறங்கி, செதுக்கிய தூண் துண்டுகளுக்கு நடுவே சுற்றிவிட்டு, மதிய பஸ் பிடித்து ராத்திரி போய்ச் சேர்ந்தார். மறுநாள் தேருக்குச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே நின்றார்.

என் மதிப்பீடு

இந்தத் தேர்வு சரிதான் என்று நான் நினைப்பதற்கு அந்த பஸ் பயணமே போதும். ஒரே தீவு, ஒரே ரிசார்ட் என்ற இடத்தில் அதே தகராறு வந்திருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது வழக்கமாக யார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே டைவ் செய்யாதவர் தனியாகக் கிளம்பிப் போகிற அளவுக்கு ஊர் அவருக்குப் பழகியிருந்தது.

குறைகளும் உண்டு. கொழும்பு, கண்டி, தலவாக்கலை, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று நிறைய அலைச்சல். ஓய்வு வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது ஆகாது. டைவிங்கை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் அண்ணன் மாலத்தீவுக்குத்தான் போடுவார், நானும்தான். மருத்துவ விஷயத்தில் நாங்கள் இன்னும் முன்கூட்டியே விசாரித்திருக்கலாம்: டிகம்ப்ரஷன் நோய்க்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை பக்கத்தில் எங்கே, அது இப்போது வேலை செய்கிறதா, டைவ் காப்பீடு எவ்வளவு தரும் என்பதையெல்லாம் அறை போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் டைவ் காப்பீடு கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்தான் எடுக்கப்பட்டது.

இதே ஏற்பாட்டை வேறு ஜோடிக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டேன். போன மாதம் குன்னூரிலிருந்து வந்த ஒரு தம்பதியில் டைவர் மனைவி. கணவர் நன்றாக நீந்துவார், ஆனால் காது அறுவை சிகிச்சை ஆனதால் டைவ் செய்யக் கூடாது. கோயில், கடைத்தெரு எதிலும் அவருக்கு நாட்டமில்லை, தண்ணீருக்குள் கிடந்தால் போதும். அவர்களுக்கு ஹனிஃபாருவுக்குப் பக்கத்தில் தரவந்தூ என்ற தீவைச் சொல்லியிருக்கிறேன். மக்கள் வாழும் தீவு, விமான நிலையம் உண்டு, விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் மாண்டா வரும்போது இருவரும் ஒன்றாகவே இறங்கலாம். மது கிடைக்காது, அது அவர்களுக்குப் பிரச்சினையில்லை. திரும்பும்போது கடைசி டைவுக்கும் மாலே விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள். சென்னையில் இறங்கி, அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.